மண் சரிந்தால் பொலிசி எது வரை தாங்கும்? மலையக வீடும் வாகனமும்

மலையகத்தில் வீடுகளை அழிக்கும் பெரிய சேதம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மேட்டிலிருந்து இறங்கும் மண். மற்றது லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டின், ஒரு காம்பராவில் பிடித்துக் கூரை வழியே ஓடும் தீ. வாகனத்துக்கு என்றால் பள்ளத்துப் பக்கம். ஒரு சாதாரணக் காப்புறுதிப் பொலிசி இந்த மூன்றில் தீயை மட்டுமே முதல் வரியில் எடுத்துக்கொள்கிறது. மண்சரிவு தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்த லொறியைத் தூக்கி எடுக்கும் செலவுக்கு ஒரு சிறிய உச்சவரம்பு இருக்கும், கிரேன் கூலி அதைத் தாண்டிப் போகும். வருடா வருடம் பிரிமியம் கட்டியவர்கள் வெறுங்கையோடு நிற்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். கட்டும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் அடைத்துவிடக்கூடிய ஓட்டைகள் இவை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பொலிசி கைக்கு வந்ததும் முதலில் அட்டவணைப் பக்கத்தை எடுங்கள். உங்கள் பெயர், முகவரி அல்லது வாகன இலக்கம், காப்புறுதித் தொகை, எந்தெந்த ஆபத்துகள், எவ்வளவு எக்ஸஸ், மேலதிகப் பிரிமியத்துக்குச் சேர்த்த பாதுகாப்புகளான சேர்க்கைகள் என்னென்ன என்று எல்லாம் அந்த ஒன்றிரண்டு பக்கத்தில் இருக்கும். எக்ஸஸ் என்பது ஒவ்வொரு சேதத்திலும் உங்கள் பையிலிருந்து போகும் முதல் பகுதி. அது குறித்த தொகையாகவோ, இழப்பில் இத்தனை வீதம் என்றோ இருக்கும். இயற்கை அனர்த்தத்துக்கு எக்ஸஸ் பொதுவாகக் கூடுதல். அடுத்துப் பார்க்க வேண்டியது விலக்குகள், அதாவது பொலிசி பணம் தராதவை. முகவர் வாயால் என்ன சொல்லியிருந்தாலும் அட்டவணையில் இல்லாத சேர்க்கை உங்களுக்கு இல்லை. ஆங்கிலப் பிரதி புரியவில்லையென்றால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். அது இல்லையென்றால், உங்கள் கேள்விகளைக் கடிதமாகக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிப் பொலிசியோடு சேர்த்து வையுங்கள்.

வீடு

வீட்டுக் காப்புறுதி பழைய தீக் காப்புறுதியின் மேல் வளர்ந்தது. தீயும் மின்னலும் அதன் அடித்தளம். புயல், வெள்ளம், பூமியதிர்ச்சி, தண்ணீர்த் தாங்கி வெடித்து வரும் சேதம், வாகனம் வந்து சுவரில் மோதுவது, களவு எல்லாம் மேலே வைக்கப்படும் சேர்க்கைகள். பல நிறுவனங்கள் இவற்றைக் கட்டாகச் சேர்த்து விற்கின்றன, ஆனால் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு தனி. அதன் நிதியம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகிறது.

“இயற்கை அனர்த்தம் உண்டு” என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைவதுதான் மலையகத்தில் அதிகம் ஏமாற்றும் இடம். சில பொலிசிகளில் அந்த வரிக்குக் கீழே புயல், வெள்ளம், பூமியதிர்ச்சி என்று மூன்று மட்டும் இருக்கும். விலக்குப் பகுதியில் நிலம் தாழ்தல், மண்சரிவு, மண்ணரிப்பு என்று இருக்கும். மழை பெய்துதானே மண் சரிந்தது, மழை புயலோடுதானே வந்தது என்று வாதாடலாம். ஆனால் மண்சரிவு பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தால் அந்த வாதம் பெரும்பாலும் நிற்காது. ஆகவே “மண்சரிவும் நிலம் தாழ்தலும் காப்பிடப்படுகின்றன” என்ற வசனம் அட்டவணையிலோ அதனோடு இணைத்த தாளிலோ இருக்க வேண்டும். அட்டனிலும் பதுளையிலும் கினிகத்தேனையிலும் வீடு வைத்திருப்பவருக்கு இதைவிட முக்கியமான வசனம் பொலிசியில் வேறு இல்லை.

அந்த வசனம் இருந்தாலும் திடீர்ச் சேதத்துக்குத்தான் பணம். மாதக்கணக்கில் மெதுவாக நகரும் நிலத்தால் விரியும் வெடிப்பை “படிப்படியான சேதம்” என்று நிறுவனம் ஒதுக்கிவிடும். பொலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த வெடிப்பை, பொலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். படிவத்தை முகவரே நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதே இடத்தை எடுத்து வையுங்கள். பழைய வெடிப்பு எது, அந்த இரவில் விழுந்தது எது என்று பிரித்துக் காட்ட இந்தப் படங்கள்தான் உதவும். கதவு திடீரென இறுகுவது, முற்றத்தில் பிறை வடிவில் நிலம் பிளப்பது, மரங்கள் ஒரு பக்கம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பிச் சேற்று நீர் வருவது ஆகியவை நிலம் நகரும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் காப்புறுதியை மறந்து கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மழை அளவோடு கட்டப்பட்டவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 மில்லிமீற்றரில் செம்மஞ்சள், 150 மில்லிமீற்றரிலோ ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரிலோ சிவப்பு, அதாவது வெளியேற்றம். சிவப்பு அறிவித்தலில் குடும்பம் வெளியேறிப் பாடசாலையில் இரண்டு கிழமை தங்கினாலும், வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் பொலிசி ஒரு சதமும் தராது. பொருளுக்கு நேரடிச் சேதம் ஏற்பட வேண்டும் என்பது அடிப்படை விதி. மாற்று வீட்டு வாடகை என்ற சேர்க்கைகூட, காப்பிடப்பட்ட ஆபத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போன பின்புதான் வேலை செய்யும். எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப்போய்ப் பொலிசி எடுக்கவும் முடியாது. நிறுவனங்கள் அந்த நேரத்தில் ஏற்பதை நிறுத்திவிடும், சில பொலிசிகளில் காத்திருப்புக் காலமும் உண்டு. தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைப்பது மே மாதத்திலிருந்து. பதுளைப் பக்கத்துக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஆபத்து. அதற்கு முன் கையொப்பம் முடிந்திருக்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில், 2016 மே மாதம் அரநாயக்கவில், 2025 நவம்பரில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நடந்தவற்றில் வீடு மட்டும் போகவில்லை, வீடு நின்ற நிலமும் போனது. காப்புறுதி நிலத்துக்குப் பணம் தருவதில்லை. கட்டிடத்தை மீண்டும் கட்டும் செலவுக்குத்தான் தரும். அதே இடத்தில் கட்டக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மீள்கட்டுமான அடிப்படையில் எடுத்த பொலிசிகளில், செலவு கூடாமல் இருந்தால் வேறு இடத்தில் கட்டலாம் என்ற வாசகம் வழமையாக உண்டு. ஆனால் குறித்த காலத்துக்குள், பொதுவாக 12 மாதத்துக்குள், வேலை நடக்க வேண்டும். கட்டாமல் விட்டால் தேய்மானம் கழித்த பெறுமதிதான் கிடைக்கும். மாற்றுக் காணிக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த 12 மாதம் கொடுமையானது. காலத்தை நீடிக்கும்படி கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள். காணி ஒதுக்கீடு தாமதமாகிறது என்ற பிரதேச செயலகக் கடிதத்தையும் இணையுங்கள்.

இடிந்த மண்ணையும் கல்லையும் அள்ளி அப்புறப்படுத்தும் செலவு தனிச் சேர்க்கை. மண்சரிவில் வீட்டுக்குள் வந்த சேற்றை வெளியேற்றுவதே பெரிய வேலை என்பதால் இந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

அணைச்சுவர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டை நட்டுக்குத்தாக வெட்டி, பத்தடிக் கற்சுவர் எழுப்பி, அதன் கீழே வீடு கட்டுவது மலைநாட்டில் எங்கும் இருக்கும் வழக்கம். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகள் இல்லையென்றால், மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தள்ளும் பாரத்தில் சுவர் வயிறு தள்ளிச் சரியும். பல பொலிசிகளில் மதில், வேலி, அணைச்சுவர் ஆகியவை “கட்டிடம்” என்ற வரைவிலக்கணத்துக்கு வெளியே. உள்ளே இருந்தாலும், பிழையான வடிவமைப்பு என்ற விலக்கு காத்திருக்கும். சுவரைத் தனி உருப்படியாக, தனித் தொகையோடு அட்டவணையில் எழுதச் செய்யுங்கள். மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டங்களில் வீடு கட்டும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுகிறது. அதையும் உள்ளூராட்சி சபையின் கட்டிட அனுமதியையும் பத்திரமாக வைத்திருப்பவரோடு நிறுவனம் வாதாடக் கூடுதலாக இடமில்லை.

தொகையை எப்படிப் போடுவது? நிலத்தின் விலையைச் சேர்க்காமல், இன்றைய விலையில் மீண்டும் கட்டும் செலவு. சதுர அடிக்கு 9,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 800 சதுர அடி வீட்டுக்கு 72 இலட்சம். அதோடு மெயின் ரோட்டிலிருந்து படியேறி மணலும் கல்லும் சுமக்கும் கூலியையும் சேருங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பிரிமியத்தைக் குறைக்க 36 இலட்சத்துக்கு மட்டும் எடுத்தீர்கள் என்போம். தீயில் 10 இலட்சம் சேதம். 36 இலட்சம் கையில் இருக்கிறதே, 10 இலட்சம் முழுதாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். சராசரி விதி என்று ஒன்று உண்டு. 72இல் 36க்குத்தான் நீங்கள் காப்பிட்டீர்கள், பாதி ஆபத்தை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்பது அதன் கணக்கு. ஆகவே கிடைப்பது 5 இலட்சம், அதிலும் எக்ஸஸ் கழியும். 2021இல் 50 கிலோ சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபாவைச் சுற்றி இருந்தது, 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. அதற்கு முன் போட்ட தொகையை மாற்றாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர்கள் எல்லோரும் இந்த விதிக்குள் அகப்பட்டவர்கள்தான். வங்கிக் கடனில் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வங்கி எடுக்கச் சொல்லும் காப்புறுதி சில வேளைகளில் கடன் நிலுவைக்கு மட்டும் இருக்கும். கடன் குறையக் குறையக் காப்பும் குறையும், பணமும் முதலில் வங்கிக்கே போகும். வங்கியிடம் பொலிசிப் பிரதியைக் கேட்டு வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்கு

கட்டிடத்தில் சட்டபூர்வ உரிமையோ பண நலனோ உள்ளவர்தான் அதைக் காப்பிடலாம். தோட்டக் காணி அரசினுடையது, 1992க்குப் பிறகு அதை நடத்துபவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். லயக் காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்திருந்தாலும் கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லாதவரிடம் கட்டிடப் பொலிசியை விற்க நிறுவனம் தயங்கும். இது அநியாயம்தான், ஆனால் நடைமுறை இதுவே. உள்ளே இருப்பவை உங்களுடையவை. அலமாரி, கட்டில், தொலைக்காட்சி, தையல் மெசின், பிள்ளைகளின் புத்தகம், உடுப்பு ஆகியவற்றைக் காப்பிட உறுதி தேவையில்லை. வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் பொலிசி எடுக்கலாம். தகரக் கூரை, மரச் சட்டம், ஒட்டிய காம்பராக்கள் என்று கட்டிட வகையைக் கேட்டுப் பிரிமியத்தைக் கூட்டுவார்கள், சிலர் மறுப்பார்கள். தனித்தனியாகப் போவதைவிடத் தோட்ட டிவிசனின் மரணாதார சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ பட்டியலோடு போய்ப் பேசினால் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்க முடியும். ஏழு பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்கள், உறுதி கையில் இருந்தால் கட்டிடத்துக்கும் எடுக்கலாம். உறுதி இன்னும் வரவில்லையென்றால் ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

லயத்தில் தீ பரவுவதற்குக் காரணம் வெளிப்படை. காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் கூரை வரை எழும்புவதில்லை. கூரைக்குக் கீழ் அட்டலில் விறகு, புகை படிந்த மரம், ஒரே மீற்றரிலிருந்து இழுத்த பல வயர்கள். மின் ஒழுக்கில் பற்றிய தீ உங்கள் பொருட்களை எரித்தால் தீ என்ற வரிக்குள் வரும். ஆனால் ஒழுக்கு ஏற்பட்ட அந்தக் கருவி அதுவாகவே கருகினால், மின்சாரச் சேர்க்கை இல்லாமல் கிடைக்காது. இடைப்பருவ இடிமழையில் மின்னழுத்தம் ஏறிக் குளிர்சாதனப் பெட்டி எரிவதும் அப்படித்தான். களவுக்குப் பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள். நகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டிய நகையைப் பற்றுச்சீட்டோடு பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும்.

2016இல் அரசு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாக வீடுகளுக்கு 25 இலட்சம் ரூபா வரை இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு அனர்த்தத்திலும் அரசு அறிவிக்கும் நிவாரணம் அந்த அந்த நேரத்து முடிவு. அதற்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பிச் சொந்தப் பொலிசியைக் கைவிடாதீர்கள்.

வாகனம்

மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. அது இல்லாமல் வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. உங்கள் வாகனம் இன்னொருவரைக் கொன்றால் அல்லது காயப்படுத்தினால் அந்த நட்டஈடு அதற்குள் வரும். மற்றவரின் சுவர், கடை, வாகனத்துக்குச் செய்த சேதம் அட்டவணையில் எழுதிய வரம்பு வரை. உங்கள் ஆட்டோ பள்ளத்தில் விழுந்து நொறுங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. இது தெரியாமல் “இன்சூரன்ஸ் இருக்கு” என்று ஓட்டுபவர்கள் நிறைய.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லப்படுவதில் மோதல், கவிழ்தல், தீ, களவு வரும். இயற்கை அனர்த்தம், கலவரம், பயங்கரவாதம், கண்ணாடி, பயணிகள் பொறுப்பு, சாரதிக்கும் கிளீனருக்கும் நட்டஈடு, பழகுநர் ஓட்டுவது ஆகியவை பெரும்பாலும் தனித்தனிப் பிரிமியத்தோடு சேர்ப்பவை. வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த வான் மேல் மேட்டிலிருந்து கல் உருண்டது, டர்பன்டைன் மரம் விழுந்தது என்றால் அது இயற்கை அனர்த்த வரியில் பார்க்கப்படும். அந்த வரி இல்லாத ஃபுல் பொலிசிகள் மலையகத்தில் ஓடுகின்றன. ஆட்டோவுக்கும் பாடசாலை வானுக்கும் பயணிகள் பொறுப்பு இல்லாமல் இருப்பது அதைவிட ஆபத்து.

வாடகைக்கு ஓடும் ஆட்டோவைத் தனிப்பட்ட பாவனை என்று பதிந்து பிரிமியத்தைக் குறைப்பது பரவலாக நடக்கிறது. விபத்தன்று பின்னால் இரண்டு பயணிகள் இருந்தார்கள், கட்டணம் கொடுத்தார்கள் என்று பொலிஸ் வாக்குமூலத்தில் வந்துவிட்டால் உங்கள் வாகனச் சேதத்துக்கான கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். வெலிமடையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் லொறிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய பாரம் இன்னொரு காரணம். றம்பொடை இறக்கத்தில் சின்ன கியரைப் போடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடி விட்டுவிடும். பிரேக் பழுதடைந்ததற்கு, அதாவது தேய்ந்த லைனருக்கும் கருகிய டிரம்முக்கும், பொலிசி பணம் தராது. அதனால் நடந்த மோதலின் சேதத்துக்குப் பொதுவாகத் தரும். ஆனால் லைனர் முழுக்கத் தேய்ந்திருந்தது, வாகனம் ஓடத் தகுதியற்ற நிலையில் இருந்தது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் அதுவும் போய்விடும். கராஜில் லைனர் மாற்றிய பில்லை வாகனத்தில் வைக்காமல் வீட்டில் வையுங்கள், வாகனம் எரிந்தால் பில்லும் எரிந்துவிடும். சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்கு உரியதா, காலாவதியாகாததா, மது அருந்தியிருந்தாரா என்பதையும் முதல் நாளே பார்ப்பார்கள்.

இழுவைச் செலவு வரிக்கு வருவோம். சமவெளியில் இழுவை என்றால் வாகனத்தைக் கொக்கியில் மாட்டி கராஜுக்குக் கொண்டுபோவது. இங்கே அறுபதடி கீழே தேயிலைக்குள் கிடக்கும் வாகனத்தைப் பெரிய கிரேன் வரவழைத்து, வீதியை மறித்து, கம்பி கட்டி ஏற்ற வேண்டும். தேயிலைச் செடிகள் நாசமானால் தோட்டமும் நட்டஈடு கேட்கும், அது மூன்றாம் தரப்புச் சொத்து வரம்பிலிருந்து வரும். இழுவை வரம்பை எவ்வளவுக்கு உயர்த்தலாம், அதற்கு எவ்வளவு கூடுதல் பிரிமியம் என்று புதுப்பிக்கும்போதே கேளுங்கள். ஆயிரக்கணக்கில் கட்டும் மேலதிகம் இலட்சக்கணக்கில் செலவைத் தடுக்கக்கூடிய இடம் இது.

தொகைக் கணக்கு இங்கும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறியது, 2025 தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. முழு இழப்பில் நிறுவனம் தருவது அன்றைய சந்தை விலை அல்லது காப்புறுதித் தொகை, இரண்டில் குறைந்தது. பல பொலிசிகளில் பகுதிச் சேதத்துக்கும் சராசரி விதி வரும். ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் விலையைச் சரிபாருங்கள், ஏறினாலும் இறங்கினாலும். லீசிங்கில் எடுத்த ஆட்டோ முழுதாக அழிந்தால் பணம் முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும். நிலுவை கூடுதலாக இருந்தால் ஆட்டோவும் இல்லாமல் கடனும் மிஞ்சும். சின்னக் கீறலுக்கெல்லாம் கோரினால் நோ கிளேம் போனஸ், அதாவது கோரிக்கை வைக்காதவருக்குத் தரும் பிரிமியக் கழிவு, போய்விடும். திருத்தச் செலவிலிருந்து எக்ஸஸைக் கழித்து, இழக்கப்போகும் போனஸோடு ஒப்பிட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

சேதம் நடந்த பின்

விபத்தில் காயமோ தகராறோ இருந்தால் பொலிசுக்கு அறிவித்து, நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கும் அப்போதே சொல்லுங்கள். அழைப்பெடுத்த நேரத்தையும் தரும் கோரிக்கை இலக்கத்தையும் எழுதி வையுங்கள். சிக்னல் இல்லாத வளைவு என்றால், வாகனத்தை அசைக்கும் முன் நான்கு பக்கமும், வீதியின் இரு திசையும், டயர் தேய்ந்த தடமும் தெரியப் படமெடுங்கள். வீட்டுச் சேதத்தில் மதிப்பீட்டாளர் வரும் வரை எதையும் இடித்து அள்ளாதீர்கள். ஆனால் சேதம் கூடாமல் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை, அதற்கான செலவுச் சீட்டையும் வையுங்கள். கிராம அலுவலரின் அறிக்கை, பிரதேச செயலகத்தின் சேத மதிப்பீடு, மண்சரிவென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கை, தீக்கும் களவுக்கும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவை வேண்டும்.

நிறுவனம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறார்கள் என்ற இலக்கத்தோடு. “முழுமையான, இறுதித் தீர்வு” என்று எழுதிய தாளில் குறைந்த தொகைக்குக் கையொப்பமிட்டுவிட்டால் அதன் பிறகு கேட்பது மிகக் கடினம். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி இறுதிப் பதிலை வாங்குங்கள். அதன் பின் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ, முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ போகலாம். ஒம்புட்ஸ்மனிடம் முறையிட பொலிசிதாரர் பணம் கட்டத் தேவையில்லை. முறைப்பாட்டோடு பொலிசி அட்டவணை, மறுப்புக் கடிதம், படங்கள், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் அனைத்தையும் திகதி வரிசையில் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.